கேள்வி – பதில்: பூச்சியின் சூலகமும் அதன் நொதிகளும்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஆய்வேட்டுப் பருவம் என்பதால் பாதிக்கு மேல் கல்லூரி ஆய்வகங்களிலிருந்து வந்தவை. மற்றவை தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் பருத்திக் காட்டிலிருந்தும் வந்தவை.

கேள்வி: பூவரச மரத்தடியில் பிடித்த சிவப்புப் பருத்திப் பூச்சியின் (டிஸ்டர்கஸ்) சூலகத்தில் ஆசிட் பாஸ்பேட்டேஸ் (அமில நிலையில் பாஸ்பேட்டை வெட்டி விடுவிக்கும் நொதி) அளக்கிறேன். எல்லாம் பெண் பூச்சிகள்தான், ஒரே நாளில் பிடித்தவைதான். ஆனால் ஒரு மாதிரிக்கு (ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு நிமிடத்துக்கு) 40 நானோமோல் வருகிறது, அடுத்ததற்கு 12. மருந்தில் கோளாறா, கையில் கோளாறா?
– முதுகலை விலங்கியல் மாணவி, கீழக்கரை

பதில்: மருந்தைச் சந்தேகிப்பதற்கு முன் பூச்சியைச் சந்தேகியுங்கள். மரத்தடியில் ஒரே நாளில் பிடித்தது என்பதால் அவை ஒரே வயது ஆகிவிடாது. ஒன்று நேற்று இறக்கை முளைத்ததாக இருக்கும், இன்னொன்று நாளை முட்டையிடப் போவதாக இருக்கும். இரண்டின் சூலகமும் நொதிக் கணக்கில் வேறு வேறு உறுப்பு மாதிரிதான்.

ஐந்தாம் பருவக் குஞ்சுகளைப் பிடித்து வந்து டப்பாவில் வளருங்கள். ஊறவைத்த பருத்தி விதையும், ஈரப் பஞ்சு செருகிய தண்ணீர்ப் புட்டியும், அடியில் இரண்டு விரற்கடை ஈர மணலும் போதும். தோலுரித்து இறக்கை வந்த நாளை டப்பா மேலேயே எழுதிவிடுங்கள். அன்றே ஆணையும் பெண்ணையும் பிரித்து, பிறகு தேதி குறித்துச் சேர்த்துவிடுங்கள். விதை தின்னாத பெண்ணுக்கும் துணை சேராத பெண்ணுக்கும் முட்டை வளர்ச்சி பின்தங்கும். பட்டினி கிடந்த பூச்சி ஒன்று கலந்தாலும் உங்கள் சராசரி சரிந்துவிடும்.

அடுத்தது அறுவை. பூச்சியை ஐந்து நிமிடம் ஐஸ் மேல் வைத்து மயக்கி, மெழுகுத் தட்டில் குத்தி, இறக்கைகளை வெட்டி எறிந்துவிட்டு, வயிற்றின் இரு ஓரமும் நுண் கத்தரியால் கீறி முதுகுத் தகட்டைத் தூக்குங்கள். உப்புக் கரைசல் மூடி நிற்க வேண்டும். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் சோடியம் குளோரைடு 7.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.35 கிராம், கால்சியம் குளோரைடு 0.21 கிராம் போட்டால் பூச்சிக்கான ரிங்கர் கரைசல் கிடைக்கும். பக்கத்துக்கு ஏழு என்று மெல்லிய குழல்கள் கொத்தாகத் தெரியும். அவைதான் சூலகக் குழல்கள். அவற்றின் மேல் வெள்ளி நூல் போல மூச்சுக் குழாய்களும், வெளிர் மஞ்சள் துருவலாகக் கொழுப்புத் திசுவும் அப்பியிருக்கும். உங்கள் 40-க்கு முதல் காரணம் அந்தத் துருவலாக இருக்கலாம். கொழுப்புத் திசுவில் ஆசிட் பாஸ்பேட்டேஸ் தாராளமாக உண்டு. சூலகத்தோடு கொஞ்சம் ஒட்டி வந்தாலே எண் ஏறிவிடும். ஊசி முனையால் அதை நீவி எடுத்துவிட்டு, இரண்டு முறை புதுக் கரைசலில் அலசுங்கள்.

ஒரே குழலுக்குள்ளும் எல்லா முட்டையும் ஒரே நிலையில் இல்லை. உச்சியில் ஊட்டச் செல்கள், அதற்குக் கீழே குட்டி முட்டைச்செல்கள், அடியில் மஞ்சள்கரு நிரம்பிப் பருத்த கடைசி முட்டை. உங்கள் சிவப்புப் பூச்சி சேர்ந்த நாவாய்ப் பூச்சி இனங்களில் ஊட்டச் செல்கள் உச்சியிலேயே தங்கிவிடும். அங்கிருந்து நீண்ட ஊட்டக் கயிறு வழியாக ஆர்.என்.ஏ.வும் ரைபோசோமும் முட்டைக்கு இறங்கும். முடிந்தால் கடைசி முட்டையை மட்டும் நறுக்கித் தனியாக எடுங்கள், உச்சியைத் தனியாக எடுங்கள். முழுச் சூலகத்தையும் அரைத்து அளப்பது ஒரு தெருவில் உள்ள எல்லா வீட்டு உலையையும் ஒரே அண்டாவில் கொட்டிவிட்டு எந்த வீட்டில் உப்பு அதிகம் என்று கேட்பது போல.

இன்னொரு பொறியும் உண்டு. இந்த நொதியின் பெரும்பகுதி லைசோசோம் என்ற பைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. நீங்கள் வெறும் பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசலில்) அரைத்து, மையவிலக்கியில் 10,000 ஜி விசையில் சுழற்றி, மேல்நீரை எடுத்து அளந்தால், உடையாத பைகள் அடியில் படிந்துவிடும், நொதியும் அவற்றோடு போய்விடும். உங்கள் 12 அப்படி வந்ததாக இருக்கலாம். சோப்பு போலச் சவ்வை உடைக்கும் ட்ரைட்டான் எக்ஸ்-100-ஐ 0.1 சதவீதம் சேர்த்து அரைத்து, ஐஸில் 15 நிமிடம் வைத்து, அதன் பிறகு சுழற்றுங்கள். மேலே மிதக்கும் கொழுப்பு ஏட்டைத் தொடாமல் நடுநீரை உறிஞ்சுங்கள்.

அளவிடும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 0.1 மோலார் அசிட்டேட் பஃபர், பி.எச். 5, அதில் 5 மில்லிமோலார் பாரா-நைட்ரோஃபீனைல் பாஸ்பேட் (நொதி இதை வெட்டினால் வரும் பொருள் காரத்தில் மஞ்சளாகும்). இது 0.5 மில்லி, சாறு 0.1 மில்லி. 37 டிகிரியில் 30 நிமிடம். பிறகு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 2.4 மில்லி ஊற்றி நிறுத்தி, நிறமானியில் 405 நானோமீட்டரில் படியுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் சொந்த வெற்றுக்குழாய் வேண்டும்: காரத்தை முதலில் ஊற்றி, சாறைக் கடைசியில் ஊற்றியது. இந்தப் பூச்சியின் முட்டையே மஞ்சள் சாயல் உடையது. அந்த நிறத்தையும் மானி நொதியின் கணக்கில் சேர்த்துப் படித்துவிடும். ஒரு மாதிரியையாவது 10, 20, 30 நிமிடங்களில் நிறுத்திப் பாருங்கள். எண் நேர்க்கோட்டில் ஏறாவிட்டால் சாறு அடர்த்தியாக இருக்கிறது என்று பொருள், நீர்த்துப் போடுங்கள்.

கணக்கு இது. வெற்றுக்குழாயைக் கழித்த பிறகு 0.36 வந்தது என்று வையுங்கள். 0.36-ஐ 18,000-ஆல் (அந்த மஞ்சள் பொருளின் ஒளி உறிஞ்சு எண்) வகுத்தால் 20 மைக்ரோமோலார். 3 மில்லியில் 60 நானோமோல். 30 நிமிடத்துக்கு வகுத்தால் நிமிடத்துக்கு 2. அந்த 0.1 மில்லி சாறில் புரதம் 0.05 மில்லிகிராம் என்றால், ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு நிமிடத்துக்கு 40 நானோமோல். புரதத்தை நீலச் சாயம் கொண்ட பிராட்ஃபோர்ட் முறையில் அளக்கும்போது உங்கள் தரக் குழாய்களிலும் அதே அளவு ட்ரைட்டான் இருக்கட்டும். அது நீல நிறத்தைத் தூண்டும்.

கேள்வி: முட்டை பெரிதாகப் பெரிதாக ஆசிட் பாஸ்பேட்டேஸ் குறைகிறது என்று என் வரைபடம் காட்டுகிறது. வழிகாட்டி ஏற்க மறுக்கிறார். யார் சரி?
– ஆய்வு மாணவர், ராமநாதபுரம்

பதில்: இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். நீங்கள் ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எவ்வளவு என்று போட்டிருக்கிறீர்கள். மஞ்சள்கரு சேரும் நாட்களில் சூலகத்துக்குள் வெளியிலிருந்து விட்டெல்லின் என்ற மஞ்சள்கருப் புரதம் வந்து குவிகிறது. அதாவது நீங்கள் வகுக்கும் எண்தான் ஊதிப் பெருக்கிறது. விளக்கத்துக்கு மட்டும்: இளம் சூலக ஜோடியில் புரதம் 0.1 மில்லிகிராம், செயல்பாடு 4 என்றால் மில்லிகிராமுக்கு 40. முற்றிய ஜோடியில் புரதம் 2 மில்லிகிராம், செயல்பாடு 20 என்றால் மில்லிகிராமுக்கு 10. நொதி ஐந்து மடங்கு ஏறியிருக்கிறது, வரைபடமோ நான்கில் ஒன்றாக இறங்குகிறது! ஒரு சூலக ஜோடிக்கு எவ்வளவு என்று ஒரு பத்தியும், ஒரு மில்லிகிராமுக்கு எவ்வளவு என்று ஒரு பத்தியும் போடுங்கள். டி.என்.ஏ.வை அளக்க வசதி இருந்தால் அதனால் வகுப்பது இன்னும் நல்லது, மஞ்சள்கரு டி.என்.ஏ.வைப் பெரிதாகக் கூட்டாது.

கேள்வி: முட்டைக்குள் மஞ்சள்கருவும் இருக்கிறது, அதைச் செரிக்கும் நொதியும் இருக்கிறது என்கிறீர்கள். பிறகு ஏன் தாய் வயிற்றிலேயே செரித்துத் தீர்ந்துவிடவில்லை? பிளஸ் டூ வகுப்பில் ஒரு பையன் கேட்டான்.
– ஆசிரியர், தேவிபட்டினம்

பதில்: பையனை எங்கள் சார்பில் தட்டிக்கொடுங்கள். சூலக நொதியியலின் மையக் கேள்வியே இதுதான்.

இரண்டு மூன்று பூட்டுகள் இருக்கின்றன. ஒன்று, நொதி அரைகுறை வடிவில்தான் சேமிக்கப்படுகிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசுவில் கார்பாக்சிபெப்டிடேஸ் ஒன்றும் கேத்தெப்சின் பி ஒன்றும் (இரண்டும் புரதம் வெட்டும் நொதிகள்) கொழுப்புத் திசுவில் உண்டாகி, விட்டெல்லினின் மூல வடிவமான விட்டெல்லோஜெனினோடு சேர்ந்தே ரத்தத்தில் மிதந்து வந்து முட்டைக்குள் நுழைகின்றன. முன்னொட்டுத் துண்டு ஒட்டியிருக்கும் வரை அவை வேலை செய்வதில்லை. கரு வளரத் தொடங்கிய பிறகே அந்தத் துண்டு வெட்டப்படுகிறது.

இரண்டு, அமிலம். ஜெர்மன் கரப்பானில் மஞ்சள்கருத் துகள்களின் உள்ளே அமிலத்தன்மை ஏறும்போதுதான் அங்கே உறங்கும் புரத நொதி விழிக்கிறது. மூன்றாவது, இடம். தென்னமெரிக்க ரத்தம் உறிஞ்சும் நாவாய்ப் பூச்சியான ரோட்னியஸில் ஆசிட் பாஸ்பேட்டேஸ் சிறு பைகளில் தனியாகவும் மஞ்சள்கரு பெரிய துகள்களில் தனியாகவும் இருக்கின்றன. கரு உண்டான பிறகு இரண்டும் கலக்கின்றன.

இதனால்தான் அரைத்த சாறில் நொதி துள்ளுவதைப் பார்த்து, உயிருள்ள முட்டையிலும் அது அப்படியே துள்ளியது என்று எழுதக் கூடாது. அரைக்கும்போது பூட்டை உடைத்தவர் நீங்கள். 0.25 மோலார் சுக்ரோஸில் மெதுவாகத் தேய்த்து ட்ரைட்டான் இல்லாமல் ஒரு முறை, ட்ரைட்டானோடு ஒரு முறை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பூட்டி வைத்திருக்கும் நொதி. இந்தச் சோதனைக்கு மட்டும் சாறைச் சுழற்றாமல் அப்படியே அளக்க வேண்டும், நொதி அளக்கும் கரைசலிலும் சுக்ரோஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பைகள் நீரை உறிஞ்சித் தாமே வெடிக்கும்.

கேள்வி: கொழுப்புத் திசுவில் உண்டாகும் விட்டெல்லோஜெனின் முட்டையைச் சுற்றிய செல் அடுக்கை எப்படித் தாண்டுகிறது?
– விலங்கியல் விரிவுரையாளர், மண்டபம்

பதில்: தாண்டுவதில்லை, இடையில் புகுந்து போகிறது. ரோட்னியஸில் ஜுவனைல் ஹார்மோன், முட்டையைச் சுற்றிய அந்த அடுக்கின் ஃபாலிக்கிள் செல்களின் சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் ஏ.டி.பி.யேஸ் என்ற அயனி இறைக்கும் நொதியை முடுக்கிவிடுகிறது. அயனிகளோடு நீரும் வெளியேற, செல்கள் சுருங்கி நடுவில் சந்து விழுகிறது. அந்த நொதியைத் தடுக்கும் ஊவாபெய்ன் கொடுத்தால் சந்து விழுவதில்லை. மாணவர்களுக்குக் கண்ணால் காட்ட, 1 சதவீத ட்ரிப்பான் நீலக் கரைசலை 1 முதல் 2 மைக்ரோலிட்டர் பெண் பூச்சியின் வயிற்றுக்குள் செலுத்தி, இரண்டு மணி நேரம் கழித்து அறுத்துப் பாருங்கள். மஞ்சள்கரு ஏற்றிக்கொண்டிருக்கும் முட்டைகள் மட்டும் நீலம் பிடித்திருக்கும். கீழக்கரை மாணவிக்கும் நிலை பிரிக்க இது உதவும். ஆனால் சாயம் ஏற்றிய பூச்சியை நொதி அளக்கப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் (கார நிலையில் அதே வேலை செய்யும் நொதி) எனக்கு வரவே இல்லை. பூஜ்யம்.
– மாணவர், ராமேஸ்வரம்

பதில்: பஃபரின் பெயரை எழுதாமல் கேட்டிருக்கிறீர்கள், ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். பாஸ்பேட் பஃபரில் அரைத்தீர்களா? பாஸ்பேட் இந்த நொதியின் விளைபொருள், அதுவே தடை. ஈ.டி.டி.ஏ. போட்டீர்களா? அது நொதிக்கு உயிரான துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் பிடுங்கிக்கொள்ளும். டிரிஸ் பஃபரில் அரைத்து, பி.எச். 10 கிளைசின் பஃபரில் 1 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு சேர்த்து அளங்கள்.

தீவுப் பக்கத்துக் கிணற்று நீரையும் போர் நீரையும் பஃபர் கரைக்க எடுக்காதீர்கள். உப்பும் சுண்ணாம்பும் கலந்த நீர் பி.எச்.சை இழுக்கும், கார நிலையில் வெண்மையாகத் திரிந்து மானியை ஏமாற்றும். கண்ணாடிக் குழாயைக் கழுவிய கடைசி அலசலும் காய்ச்சி வடித்த நீராக இருக்கட்டும். மின்சாரம் போய் ஃப்ரிட்ஜ் சூடானால் பாரா-நைட்ரோஃபீனைல் பாஸ்பேட் தானாகவே மஞ்சளாகும். அந்தப் புட்டியை அன்றோடு கழித்துக்கட்டுங்கள். ஐஸுக்கு மீன் ஏலக்கூடத்தில் கிடைக்கும் கட்டி ஐஸை உடைத்துத் தெர்மோகோல் பெட்டியில் போட்டால் தாராளம். உப்பு தூவாத ஐஸாகக் கேட்டு வாங்குங்கள். உப்பு சேர்ந்தால் பூஜ்யத்துக்குக் கீழே போய்ச் சாறு உறைந்து, லைசோசோம் பைகள் வெடித்துவிடும்.

எந்தச் செல்லில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் சூலகத்தைக் குளிர்ந்த 4 சதவீத ஃபார்மால்டிஹைடில் 10 நிமிடம் மட்டும் வையுங்கள். இரவு முழுக்க ஊறவிட்டால் நொதி செத்துவிடும். பிறகு பி.எச். 9.5 டிரிஸ் பஃபரில் (டிரிஸ் 100, சோடியம் குளோரைடு 100, மக்னீசியம் குளோரைடு 50 மில்லிமோலார்) பி.சி.ஐ.பி.–என்.பி.டி. சாயம் போட்டு இருட்டில் வையுங்கள். நொதி இருக்கும் இடம் ஊதா நிறமாகும். சாயம் போடுவதற்கு முன் கொதிக்கவைத்த ஒரு சூலகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஊதாவானால் நீங்கள் பார்ப்பது நொதி அல்ல.

கேள்வி: எங்கள் தெருவில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறைதான். டிரம், சிமெண்ட் தொட்டி, குடம் எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம். டிரம்மைக் காலி செய்து பத்து நாள் வெயிலில் காயவைத்தேன். மறுபடி நிரப்பினால் இரண்டாம் நாளே புழு. முட்டை எப்படிச் சாகாமல் இருக்கிறது?
– இல்லத்தரசி, தொண்டி

பதில்: அம்மா, பத்து நாள் என்ன, ஏடிஸ் முட்டை பல மாதம் காய்ந்து கிடந்தாலும் தாங்கும். அதற்கான ஏற்பாடு சூலகத்திலேயே தொடங்குகிறது.

கொசு ரத்தம் குடித்தவுடன் குடலில் ட்ரிப்சின் சுரந்து ரத்தப் புரதத்தை உடைக்கிறது. அந்தச் செய்தி மூளைக்குப் போய், மூளை சூலகத்தை ஏவ, சூலகம் எக்டைசோன் ஹார்மோனைச் சுரக்கிறது. கொழுப்புத் திசு விட்டெல்லோஜெனினைக் கொட்டத் தொடங்கி, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் உச்சம் தொட்டு, அடுத்த நாளுக்குள் நிறுத்திவிடும். மூன்று நாளில் நூறு முட்டை வரை தயார். கடைசிக் கட்டத்தில் ஃபாலிக்கிள் செல்கள் முட்டையோட்டைக் கட்டுகின்றன. டோபா டிகார்பாக்சிலேஸ், ஃபீனால் ஆக்சிடேஸ் போன்ற நொதிகளும் முட்டையோடு சேர்ந்தே வெளியே வருகின்றன. இட்ட முட்டை வெள்ளையாக இருக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் இந்த நொதிகள் வேலை செய்து ஓட்டைக் கறுப்பாக்கிக் கெட்டியாக்கும். ஆனால் தண்ணீர் ஆவியாகாமல் காப்பதில் பெரும்பங்கு அந்தக் கறுப்புக்கு இல்லை. முட்டையிட்டு அரை நாள் கழித்து, உள்ளே வளரும் கருவின் வெளிச்சவ்வு ஓட்டுக்கு அடியில் இன்னொரு தோலை நெய்கிறது. அது முடிவதற்குள் காய்ந்தால் முட்டை சுருங்கிச் சாகும். முடிந்துவிட்டால் உங்கள் வெயில் அதை ஒன்றும் செய்யாது.

ஆகவே காயவைப்பதை நம்பாதீர்கள், தேயுங்கள். முட்டை தண்ணீருக்குள் இல்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் மிளகாய் விதையை விடச் சிறிய கரும்புள்ளியாக ஒட்டியிருக்கும். தேங்காய் நாராலோ முரட்டுப் பிரஷ்ஷாலோ அந்த வளையத்தைச் சுற்றி அழுத்தித் தேயுங்கள். பிளீச்சிங் பவுடரைக் குழைத்துப் பூசி அரை மணி ஊறவிட்டுத் தேய்ப்பது இன்னும் நல்லது. அது முட்டையோட்டையே கரைக்கும். கழுவிய நீரைச் சாக்கடையிலோ வேறு தொட்டியிலோ ஊற்றாமல் காய்ந்த மணலில் ஊற்றுங்கள். வாரம் ஒரு நாள் இதைச் செய்தால் போதும், புழு கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டும். குடிநீர்க் குடத்துக்குப் பிளீச்சிங் வேண்டாம், நாரே போதும்.

கேள்வி: வேப்ப எண்ணெய் கொடுத்த பெண் பூச்சிகளின் சூலகத்தில் ஆசிட் பாஸ்பேட்டேஸ் கூடியது. நொதி கூடினால் முட்டை நன்றாக வளர்கிறது என்றுதானே பொருள்?
– ஆய்வு மாணவர், பரமக்குடி

பதில்: சூலகத்தைக் கண்ணால் பார்த்தீர்களா, எண்ணை மட்டும் பார்த்தீர்களா? வேம்பிலுள்ள அசாடிராக்டின் மூளையின் நரம்புச் சுரப்பைக் குலைத்து, ஜுவனைல் ஹார்மோனையும் எக்டைசோனையும் தாழ்த்துகிறது. விட்டெல்லோஜெனின் வரத்து குறைந்தால், பாதி வளர்ந்த முட்டையைப் பூச்சி தானே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். கரைக்கும் வேலையைச் செய்வதும் இதே லைசோசோம் நொதிகள்தான். ஆக உங்கள் ஏற்றம் வளர்ச்சியாக இருப்பதை விடச் சிதைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கடைசி முட்டை உப்பி வழுவழுப்பாக இருந்தால் வளர்ச்சி, சுருங்கி மடிப்பு விழுந்து ஆரஞ்சுக் கட்டியாக இருந்தால் கரைப்பு. முட்டையின் நீள அகலத்தை அளந்து நொதி எண்ணுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். அந்தப் பத்தி இல்லாத ஆய்வேட்டை நாங்களாக இருந்தால் திருப்பி அனுப்புவோம்.

கேள்வி: அப்படியானால் பருத்தியில் சிவப்புப் பூச்சிக்கு வேப்பங்கொட்டைச் சாறு அடிக்கலாமா? போன முறை அடித்தேன், மறுநாளும் பூச்சி நடந்துகொண்டேதான் இருந்தது.
– விவசாயி, ஆர்.எஸ். மங்கலம்

பதில்: அடிக்கலாம், ஆனால் மறுநாள் செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது உண்பதையும் தோலுரிப்பதையும் முட்டை வைப்பதையும் குறைக்கும் சாறு, அடித்தவுடன் சாய்க்கும் விஷம் அல்ல. பலனை அடுத்த தலைமுறைக் குஞ்சுகளின் எண்ணிக்கையில்தான் பார்க்க வேண்டும்.

100 லிட்டருக்கு வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோ. பொடித்து 10 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, சோப்பு 200 கிராம் கரைத்துச் சேர்க்க வேண்டும். பூசணம் பிடித்த பழைய கொட்டை உதவாது. உங்கள் பக்கத்துப் போர் நீர் உவர்ப்பும் காரமும் கொண்டதாக இருந்தால் அசாடிராக்டின் சீக்கிரம் சிதையும், சோப்பும் திரிந்துபோகும். ஊருணி நீரையோ பிடித்துவைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். கலக்கிய அன்றே தீர்த்துவிடுங்கள். வெயில் சாய்ந்த பிறகு அடியுங்கள், சூரிய ஒளியிலும் அது சிதையும்.

காட்டைச் சுற்றிப் பூவரசும் இலவமும் இருந்தால் அடியில் விழுந்த விதைகளைக் கூட்டி எரித்துவிடுங்கள். வெடித்த பருத்தியைச் செடியில் விட்டுவைக்காமல் எடுத்துவிடுங்கள். விதை கிடைக்காத பெண்ணின் சூலகம் நிரம்பாது. முட்டைகள் மண்ணுக்குள் இருக்கும், அறுவடை முடிந்ததும் ஒரு மேலுழவு போட்டால் வெயிலில் காய்ந்துபோகும். இவை கொசு முட்டை மாதிரிக் காய்ந்து கிடந்து தாங்காது.